வீட்டுக்குள் ஓர் அச்சுக்கூடம்

கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பு, கோயில் திருவிழா நோட்டீஸ், பள்ளிக்கூடத் தேர்வுத் தாள், கடை ரசீதுப் புத்தகம் - மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் 1980கள் வரை இவற்றுள் பெரும்பாலானவற்றைத் தந்தவை, ஈய எழுத்துகளைக் கையால் கோத்து அடிக்கும் சிறு அச்சகங்களே. பின்னர் ஆப்செட் முறையும் கணிப்பொறியும் வந்தன. எழுத்துப் பெட்டிகள் பரணுக்குப் போயின. இயந்திரங்கள் பல பழைய இரும்பு விலைக்குப் போயின.

அப்படிப் போகாமல் எஞ்சிய ஒரு கைஅச்சுப் பொறியையோ, ஒரு பெட்டி எழுத்தையோ வைத்துக்கொண்டு, "என்றாவது ஒருநாள் இதை ஓட்ட வேண்டும்" என்று எண்ணுபவர்கள் இன்றும் உண்டு. அந்த நாள் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். காரணம் சோம்பல் மட்டுமன்று. எழுத்து, பொறி, மை, தாள், அழுத்தம் என்ற ஐந்தும் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் ஒரு நல்ல அச்சு விழும். ஒன்று சரியில்லை என்றாலும் எதைத் திருத்துவது என்று தெரியாமல் கை ஓய்ந்துவிடும்.

ஆனால் காத்திருப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. பழைய ஈய எழுத்து, எடைக்கு எடை விலை போகும் உலோகம். உருக்கியவர் கையில் அது வெறும் ஈயக்கட்டி. தமிழ் எழுத்துகளை வார்த்துத் தந்த வார்ப்பகங்கள் அநேகமாக மறைந்துவிட்ட இக்காலத்தில், உருகிப்போன ஒரு செட் எழுத்துக்கு மாற்று வாங்குவது எளிதன்று. எனவே இந்தக் கலையின் பின்னுள்ள அறிவியலைத் தெரிந்துகொண்டு, சரியான இடத்திலிருந்து தொடங்குவது எப்படி என்று பார்ப்போம்.

மூன்று வகை அச்சு

வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி, மையில் தோய்த்துத் தாளில் ஒற்றிப் பார்த்திருப்பீர்கள். பூப்போன்ற வடிவம் விழும். காயின் சதை மேடாக இருக்கிறது; அங்கே மை ஒட்டுகிறது. நடுவிலுள்ள குழிகளில் மை படுவதில்லை. மேட்டில் உள்ள மை தாளுக்கு மாறுவதே மேட்டச்சு. துணியில் பூ வேலை செய்யும் மரக்கட்டை அச்சும், ரப்பர் முத்திரையும், நாம் பேச எடுத்துக்கொண்ட லெட்டர்பிரஸ் அச்சும் இவ்வகையைச் சேர்ந்தவை.

வாசலில் கோல மாவு நிரப்பி உருட்டும் துளைக் குழாய் வேறு வகை. அங்கே மேடு பள்ளம் வேலை செய்வதில்லை. துளை வழியே மாவு இறங்குகிறது. பட்டுத்திரை அச்சு, அதாவது ஸ்கிரீன் பிரிண்டிங், இதன் உறவு.

ஆப்செட் மூன்றாவது வகை. அதன் தகட்டில் மேடும் இல்லை, துளையும் இல்லை. எண்ணெயும் நீரும் கலவா என்ற உண்மையே அதன் அடிப்படை. தகட்டின் வெற்றிடங்கள் நீரை ஏற்று மையை விலக்கும். எழுத்துள்ள இடங்கள் மையை ஏற்கும்.

மூன்றிலும் தாளை உண்மையாகவே அமுக்குவது மேட்டச்சுதான். ஆகவே அதன் நன்மை தீமைகள் எல்லாம் அழுத்தத்தைச் சுற்றியே வரும்.

கொல்லத்திலிருந்து மதுரைக்கு

இந்திய மொழிகளில் முதன்முதல் அச்செழுத்துக் கண்டவற்றுள் தமிழுக்குத் தனி இடம் உண்டு. என்றிக்கே என்றிக்கசு பாதிரியார் ஆக்கிய 'தம்பிரான் வணக்கம்' என்ற 16 பக்க நூல் 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சாயிற்று.

அடுத்த பெரிய முயற்சி தரங்கம்பாடியில். சீகன்பால்கு முதலியோர் அங்கே அச்சகம் அமைத்தபோது, ஜெர்மனியின் ஹாலே நகரில் செய்த தமிழ் எழுத்துகள் 1713இல் வந்து சேர்ந்தன. அவை அளவில் மிகப் பெரியவை. எழுத்துப் பெரிதானால் பக்கம் பெருகும். பக்கம் பெருகினால் தாள் வேண்டும். தாளோ கடல் கடந்து வர வேண்டிய பொருள். ஆகவே அருகிலுள்ள பொறையாற்றில் எழுத்து வார்ப்பகம் ஒன்றை அமைத்துச் சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். தாள் செய்யும் ஆலையும் அங்கே எழுந்தது. 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் முழுமை பெற்றது. எழுத்தின் அளவைத் தாளின் தட்டுப்பாடு தீர்மானித்ததற்கு இது நல்ல சான்று.

அச்சகம் வைக்க உரிமம் வேண்டும் என்ற கட்டுப்பாடு 1835இல் நீங்கிய பிறகு, இந்தியர்கள் நடத்தும் அச்சகங்கள் பெருகின. சென்னையில் அமெரிக்க மிஷன் அச்சகத்தின் பி. ஆர். ஹண்ட் சிறிய, தெளிவான தமிழ் எழுத்துகளை உருவாக்கினார். வின்சுலோ அகராதி 1862இல் அந்த அச்சகத்தில்தான் வெளியாயிற்று.

மதுரையும் பின்தங்கவில்லை. பசுமலையில் அமெரிக்க மிஷனின் லெனக்ஸ் அச்சகம் இயங்கியது. பாண்டித்துரைத் தேவர் 1901இல் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் தனக்கென ஓர் அச்சகமே வைத்திருந்தது. அதற்கு 'முத்திராசாலை' என்று பெயர். 1902இல் தொடங்கிய 'செந்தமிழ்' இதழோடு பழந்தமிழ் நூல்கள் பலவும் சங்கப் பதிப்பாக வந்தன. மறுபுறம், மீனாட்சியம்மன் கோயிலின் எதிரே புதுமண்டபத்தில் இருந்த புத்தகக் கடைகள் பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களை ஊர் ஊராக அனுப்பின. புலவருக்கும் பாமரருக்கும் ஒரே ஈய எழுத்து உழைத்தது.

எழுத்துக்குள் இருக்கும் உலோகம்

'ஈய எழுத்து' என்று சொன்னாலும் அது வெறும் ஈயம் அன்று. காரீயம், ஆன்டிமனி, வெள்ளீயம் என்ற மூன்றின் கலவை. ஏன் மூன்று?

காரீயம் மலிவு, 327 டிகிரி செல்சியசில் உருகிவிடும். ஆனால் நகத்தால் கீறினாலே கோடு விழும் அளவுக்கு மென்மையானது. அதில் ஆன்டிமனி சேர்த்தால் கடினம் பெறுகிறது. வெள்ளீயம் சேர்த்தால் உருகிய குழம்பு தண்ணீர்போல் ஓடி, அச்சுவார்ப்பின் மூலைமுடுக்குகளையும் நிரப்புகிறது. கலவைக்கு உறுதியும் கூடுகிறது.

இதில் ஒரு வியப்பும் உண்டு. தனித்தனியே பார்த்தால் ஆன்டிமனியின் உருகுநிலை 631 டிகிரி. வெள்ளீயத்துக்கு 232 டிகிரி. ஆனால் 84 பங்கு காரீயம், 12 பங்கு ஆன்டிமனி, 4 பங்கு வெள்ளீயம் என்று கலந்தால், அந்தக் கலவை ஏறத்தாழ 240 டிகிரியிலேயே உருகிவிடுகிறது. காரீயத்துக்குத் தேவையான வெப்பம்கூட வேண்டியதில்லை! வரிவரியாக வார்க்கும் லைனோடைப் இயந்திரத்துக்கு ஏற்ற கலவை இது. கையால் கோக்கும் தனி எழுத்து மீண்டும் மீண்டும் பயன்பட வேண்டியது. ஆகவே அதில் ஆன்டிமனி 20 சதவீதத்துக்கு மேலும் இருக்கலாம்.

ஆன்டிமனி உறையும்போது விரிவதால் எழுத்தும் விரிந்து கூர்மை பெறுகிறது என்று சில புத்தகங்களில் காணலாம். அது சரியன்று. கலவை உறையும்போது சுருங்கத்தான் செய்கிறது. ஆனால் வெறும் காரீயத்தைவிட மிகக் குறைவாகச் சுருங்குகிறது. எழுத்தின் முனை மழுங்காமல் வருவதற்கு அதுவே போதும்.

ஒவ்வோர் எழுத்தும் ஒரு சிறு கம்பம். அதன் அடியிலிருந்து முகம் வரை உள்ள உயரம் 0.918 அங்குலம், அதாவது 23.3 மில்லிமீட்டர். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வழங்கிய இந்த அளவே இந்தியாவிலும் நிலைத்தது. பிரான்சில் இது 23.56 மில்லிமீட்டர். வேறுபாடு கால் மில்லிமீட்டர்கூட இல்லையே என்று தோன்றும். ஆனால் அது சாதாரணத் தாள் இரண்டின் கனத்துக்குச் சமம். இரண்டு உயரங்களைக் கலந்து கோத்தால், உயர்ந்த எழுத்து தாளைக் குத்தும். தாழ்ந்த எழுத்து மையே காட்டாது.

247 எழுத்துக்கு எத்தனை அச்சு?

ஆங்கிலத்துக்கு 26 எழுத்து, தமிழுக்கு 247. அப்படியானால் தமிழ் எழுத்துப் பெட்டியில் 247 அறைகள் வேண்டுமா? வேண்டாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

உயிர் எழுத்துகளில் 'ஔ'வை 'ஒ'வும் 'ள'வும் சேர்த்து அமைத்துவிடலாம்; மற்றவை 11. மெய்யெழுத்து 18. க, கி, கீ, கு, கூ என்ற ஐந்து வரிசைகளுக்கும் தனித்தனி அச்சு வேண்டும். 18ஐ 5ஆல் பெருக்க 90. கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு ஆகிய நான்கு குறிகள். ஆய்தம் ஒன்று. கூட்டினால் 124. கா, கெ, கே, கை, கொ, கோ, கௌ என்ற ஏழு வரிசைகளின் 126 எழுத்துகளையும் இந்தக் குறிகளைக் கொண்டே கோத்துவிடலாம். இவற்றோடு ஜ, ஷ, ஸ, ஹ போன்றவையும், எண்களும், நிறுத்தக் குறிகளும், இடைவெளிக் கட்டைகளும் சேரும்.

பழைய எழுத்துப் பெட்டி கையில் இருந்தால் மேலும் சில அறைகளைக் காண்பீர்கள். 1978 அக்டோபரில் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. பெரியார் தம் 'குடிஅரசு' இதழில் 1935இலேயே கையாளத் தொடங்கியது அது. மாறியவை 13 எழுத்துகள்: ணா, றா, னா, ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ, ணை, லை, ளை, னை. இவற்றுள் ஒகர, ஓகார எழுத்துகள் ஆறும் பழைய ணா, றா, னா வடிவங்களின் முன் கொம்பு சேர்த்து அமைந்தவையே. ஆகவே எழுத்து 13 மாறினாலும், பெட்டியில் மிச்சமான அறைகள் ஏழுதான். பழைய பெட்டியில் அந்த ஏழு வடிவங்களும் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். அவை வரலாற்றுச் சான்றுகள்.

'மதுரை மாநகர்' என்று கோக்க எத்தனை அச்சு வேண்டும்? ம, து, ஐகாரக் கொம்பு, ர - நான்கு. ம, கால், ந, க, ர் - ஐந்து. ஏழு எழுத்துக்கு ஒன்பது அச்சு! காலும் கொம்பும் எவ்வளவு வேகமாகத் தீரும் என்று இதிலிருந்து ஊகிக்கலாம். அதனால்தான் அனுபவம் மிக்க கம்பாசிட்டர்கள் அவற்றைக் கைக்கு மிக அருகில், பெரிய அறையில் வைத்துக்கொள்வார்கள்.

கோப்பவர் எழுத்தைத் தலைகீழாக வைத்து, இடமிருந்து வலமாகக் கோத்துச் செல்வார். அச்சின் முகம் கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல் இடவலம் மாறியிருக்கும்; தலைகீழாக வைத்தால்தான் வரி நம் வழக்கப்படி இடமிருந்து வலமாகப் போகும். ஒவ்வோர் எழுத்தின் உடலிலும் ஒரு பக்கம் ஒரு பள்ளக்கோடு உண்டு. எல்லாப் பள்ளங்களும் ஒரே வரிசையில் தெரிந்தால், எந்த எழுத்தும் திரும்பி நிற்கவில்லை என்று விரலாலேயே அறியலாம்.

காலால் மிதித்தால் எப்படி அச்சு விழுகிறது?

ஊசியால் அழுத்தினால் துணியில் துளை விழுகிறது. அதே விசையை விரலால் கொடுத்தால் ஒன்றும் ஆவதில்லை. விசை எவ்வளவு பரப்பில் பரவுகிறது என்பதே கேள்வி. பரப்பு குறைந்தால் அழுத்தம் கூடும்.

ஓர் அழைப்பிதழில் உள்ள எழுத்து முகங்களின் பரப்பையெல்லாம் கூட்டினால் 6 சதுர சென்டிமீட்டர் என்று கொள்வோம். அதே அட்டையில் 60 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள முழுக் கறுப்புப் படம் ஒன்றை அடிக்க வேண்டுமானால், அதே அழுத்தத்துக்குப் பத்து மடங்கு விசை தேவை. சிறு கைஅச்சுப் பொறி எழுத்துகளை அழகாக அடித்துவிட்டு, பெரிய படத்தைக் கண்டதும் திணறுவது இதனால்தான். புதிதாகத் தொடங்குபவர் சில வரி எழுத்துகளோடு தொடங்குவதே அறிவுடைமை.

டிரெடில் பொறியில் இந்த விசை எங்கிருந்து வருகிறது? கால் மிதிப்பது மெல்லிய விசைதான். ஆனால் அது பக்கத்திலுள்ள கனத்த விசைச்சக்கரத்தைச் சுழற்றுகிறது. ஒரு சுற்று முழுவதும் சிறிது சிறிதாகச் சேரும் ஆற்றல், தாள் எழுத்தைத் தொடும் அந்த ஒரு கணத்தில் வெளிப்படுகிறது. சிறுகக் கட்டிப் பெருக வாழ்வது என்பது இங்கே கண்கூடு. ஆனால் அதே காரணத்தால், கால் நின்றாலும் சக்கரம் உடனே நிற்காது. தாள் கோணலாகிவிட்டதே என்று கையை உள்ளே நீட்டுவதுதான் விபத்துக்கு முதற்காரணம். அந்தத் தாள் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டு, அடியை விலக்கும் கைப்பிடியை இழுக்கப் பழக வேண்டும்.

வீட்டுக்கு டிரெடிலே வேண்டும் என்பதில்லை. இங்கிலாந்தில் 1922இல் தோன்றிய அடானா நிறுவனம், மேசைமேல் வைத்துக் கையால் இயக்கும் சிறு பொறிகளைச் செய்தது. அவற்றுள் புகழ்பெற்றது 8 அங்குலத்துக்கு 5 அங்குலம் அச்சிடும் பொறி. நெம்புகோலை அமுக்கினால் உருளைகள் எழுத்துமேல் மை தடவும். பின் தாள் வந்து பதியும்.

மையும் தாளும் மதுரை வெயிலும்

பேனா மை உலோகத்தில் ஒட்டாது. முத்து முத்தாகத் திரண்டுவிடும். அச்சு மை ஆளிவிதை எண்ணெயைக் காய்ச்சிக் கரிப்பொடி சேர்த்துக் குழைத்த பசை போன்றது. அது நீர் உலர்வதுபோல் உலர்வதில்லை. ஒரு பகுதி தாளுக்குள் இறங்குகிறது. மீதி காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. ஆகவே அடித்த தாள்களை உடனே அடுக்கக் கூடாது. ஒன்றின் மை மற்றதன் முதுகில் ஒட்டிக்கொள்ளும்.

மை தடவும் உருளைகளை முற்காலத்தில் வச்சிரமும் வெல்லப்பாகும் அல்லது கிளிசரினும் சேர்த்துக் காய்ச்சி வார்த்தார்கள். சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தொடும் மதுரை வெயிலில் அத்தகைய உருளைகள் இளகிவிடும். நமக்கு ஏற்றவை ரப்பர் உருளைகளே. வெயிலில் மையும் தளர்ந்து, எழுத்தின் விளிம்பைத் தாண்டி வழியும். காலை நேரத்தில் அச்சடிப்பதும், மையைக் குறைத்துத் தடவுவதும் இதற்கு மருந்து.

தாளில் பருத்தி நார்த் தாள் மேட்டச்சுக்கு மிக உகந்தது. மென்மையும் கனமும் இருப்பதால் எழுத்தை நன்கு ஏற்கும். பனியன் துணி வெட்டுத் துண்டுகளைக் கூழாக்கிச் செய்யும் கைத்தாள் இவ்வகை. புதுச்சேரியில் 1959 முதல் கைத்தாள் செய்துவருகிறார்கள்.

இன்னொரு செய்தி. இக்காலத்தில் எழுத்து தாளுக்குள் ஆழமாகப் பதிந்திருப்பதையே அழகு என்கிறார்கள். பழைய அச்சகத்தில் அது குற்றம்! தாளின் பின்புறத்தைத் தடவினால் மேடு தெரியக் கூடாது. எழுத்து தாளை மெல்லத் தொட்டு மீள வேண்டும் என்பதே அவர்கள் இலக்கணம். எழுத்து தேய்ந்தால் மாற்று வாங்கக் காசு வேண்டுமே! மாற்றே கிடைக்காத இன்று அந்த இலக்கணம் இன்னும் அதிகமாகப் பொருந்துகிறது.

எங்கிருந்து தொடங்குவது?

முதல் வேலை, கணக்கெடுப்பு. எந்த எழுத்து எத்தனை இருக்கிறது என்று எண்ணி எழுதுங்கள். கையிருப்பில் உள்ள எழுத்துக்கு ஏற்றபடி வாசகத்தை அமையுங்கள். ஒரு புத்தகம் அடிக்கத் திட்டமிட்டுப் பத்தாண்டு காத்திருப்பதைவிட, நான்கு வரி அட்டை ஒன்றை இந்த வாரம் அடிப்பது மேல்.

இரண்டாவது, சுத்தம். ஈரமான இடத்தில் கிடந்த எழுத்தில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். அது காரீயம் அரித்து உண்டானது, நஞ்சு. ஊதித் தள்ளக் கூடாது, பெருக்கக் கூடாது. ஈரத்துணியால் துடைக்க வேண்டும். அச்சுக் கோக்கும் மேசையில் டீ, பலகாரம் ஆகாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே சாப்பாடு. சிறு குழந்தைகளை அந்த அறைக்குள் விடவே கூடாது. குழந்தைகளின் மூளையையும் நரம்புகளையும் காரீயம் பாதிக்கும். அதில் தீங்கற்ற அளவு என்று எதுவும் அறியப்படவில்லை. வீட்டில் ஈயத்தை உருக்கும் எண்ணமே வேண்டாம். உருளையைத் துடைத்த மண்ணெண்ணெய்த் துணியை மூடியுள்ள தகரப் பெட்டியில் போட வேண்டும்.

மூன்றாவது, கோத்தல். எழுத்துகளை 'ஸ்டிக்'கில் கோத்து, வரியை இடைவெளிக் கட்டைகளால் இறுக்கி, இரும்புச் சட்டத்துக்குள் வைத்து ஆப்பு அடித்து முடுக்க வேண்டும். சட்டத்தைச் சற்றே தூக்கிப் பார்த்தால் ஓர் எழுத்தும் நழுவக் கூடாது. ஒரு வரி தளர்ந்திருந்தாலும் பாரம் முழுவதும் சிதறிவிடும்.

நான்காவது, சமன் செய்தல். முதல் தாளில் சில எழுத்து அழுத்தமாகவும் சில மங்கலாகவும் விழும். மனம் தளர வேண்டாம். இது எல்லா அச்சகத்திலும் நடப்பதே. மங்கலான இடத்துக்கு நேரே, தாளின் பின்னுள்ள அட்டையில் மெல்லிய தாள் துண்டு ஒன்றை ஒட்டுங்கள். மீண்டும் அடித்துப் பாருங்கள். தேவையானால் இன்னொன்று. அச்சடிக்கும் நேரத்தைவிடச் சமன் செய்யும் நேரமே அதிகம். பொறுமை இங்கேதான் வேண்டும்.

ஐந்தாவது, பிரித்துப் போடுதல். அடித்து முடித்ததும் மையைத் துடைத்து, ஒவ்வோர் எழுத்தையும் அதனதன் அறையில் திரும்பப் போட வேண்டும். பலரும் சலிப்பது இதில்தான். 'ர'வின் அறையில் ஒரு 'கால்' விழுந்தால் அடுத்த வேலையில் பிழை உறுதி. கோத்ததை அன்றே பிரிப்பவர் அடுத்த வேலையை எளிதாகத் தொடங்குவார்.

எழுத்தே இல்லாதவர் என்ன செய்வது? அதற்கும் வழி உண்டு. ஒளிபட்டால் இறுகும் ஒருவகை பிளாஸ்டிக் தகடு இப்போது பயன்படுகிறது. கணிப்பொறியில் அமைத்த பக்கத்தின் பிலிமைத் தகட்டின்மேல் வைத்துப் புறஊதா ஒளி பாய்ச்சினால், ஒளி பட்ட இடத்தில் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக் கெட்டிப்படும். படாத இடம் நீரில் கழுவினால் கரைந்துபோகும். எஞ்சுவது மேட்டெழுத்து. உலோகக் கட்டையின்மேல் ஒட்டி 23.3 மில்லிமீட்டர் உயரத்துக்குக் கொண்டுவந்தால், பழைய பொறியிலேயே அச்சிடலாம். பொறியும் முற்றிலும் அழிந்துவிடவில்லை. ரசீதுகளுக்கு எண் இடவும், அட்டையில் மடிப்புக்கோடு போடவும், பெட்டி வடிவம் வெட்டவும் சில அச்சகங்கள் டிரெடிலை இன்னும் வைத்திருக்கின்றன. அங்கே பணிபுரியும் மூத்த தொழிலாளர் ஒருவரிடம் அரைநாள் நின்று பார்த்தால், எந்தப் புத்தகமும் தராத பாடம் கிடைக்கும். பொறியின் ஓசையைக் கேட்டே, உருளை உயரம் சரியா, அடி கனமா என்று அவர் சொல்லிவிடுவார்.

எழுத்து, பொறி, தாள் ஆகியவற்றைத் தேடிப் பெறலாம். அந்தக் கைப்பழக்கத்தைக் கற்றவர்களோ ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருகிறார்கள். ஆகவே பரணிலுள்ள பெட்டியை இறக்குவதற்கு முன், தெரிந்தவர் ஒருவரை இந்த வாரமே போய்ப் பாருங்கள். பெட்டி இன்னும் சில நாள் காத்திருக்கும்.